மணலிலிருந்து கூந்தலுக்கு

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

முன்னுரை

“கூந்தலுள்ள சீமாட்டி அள்ளியும் முடிவாள், கொண்டையும் போடுவாள்” என்பது நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்ற ஐயம் பாண்டிய மன்னனுக்கு எழுந்ததையும், அதனால் தருமி என்னும் ஏழைப் புலவர் பட்ட பாட்டையும் நாம் கதையாகக் கேட்டிருக்கிறோம். அந்த மன்னர் இன்று நம் கடைத்தெருவில் உலாவினால் அவருடைய ஐயம் வேறாக இருக்கும். “இந்தக் கூந்தலின் மினுமினுப்பு இயற்கையா, அல்லது சீசாவிலிருந்து வந்ததா?” என்றுதான் கேட்பார். அக்கேள்விக்கு விடை காண முயன்றதன் பயனே இக்கட்டுரை. பொற்கிழியை எதிர்பார்த்து நாங்கள் இதை எழுதவில்லை. எங்கள் தோழி ஒருத்தியின் கண்ணீர்தான் எங்களை எழுதத் தூண்டியது.

எங்கள் தோழியின் கதை

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்கு டைபாய்டு காய்ச்சல் வந்தது. இறைவன் அருளால் நலம் பெற்றுப் பள்ளிக்குத் திரும்பினாள். ஆனால் இரண்டு மூன்று மாதங்கள் கழிந்ததும் அவளுடைய முடி கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்கியது. தடித்த இரட்டைப் பின்னல் எலிவால்போல் ஆயிற்று. காலை வழிபாட்டில் கடைசி வரிசையில் போய் நின்றுகொள்வாள். பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் அவளுக்குக் கிடைத்திருந்த வேடத்தையும் வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

அவளுடைய அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர். மகளின் துயரத்தைக் காணப் பொறுக்காமல், ஒரு பேன்சி ஸ்டோருக்குச் சென்று, “முடி வளர என்ன இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் ஒரு சிறிய சீசாவை எடுத்துக் கொடுத்து, “இதைப் போடுங்கள், முடி நிற்கும்” என்றாராம். மூன்று நாள் கூலி அந்தச் சீசாவுக்குப் போயிற்று. எங்கள் தோழியும் அதை மருந்து என்றே நம்பி, நாள் தவறாமல் தலையின் தோலில் தேய்த்தாள். முடி பளபளத்தது; ஆனால் உதிர்வது நிற்கவில்லை. எண்ணெய் வழிவதுபோல் முடி தலையோடு ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். ஒரு நாள் அந்தச் சீசாவை எங்கள் முன் வைத்து, “அம்மாவின் பணம் வீணாகிவிட்டதே” என்று அழுதாள்.

நாங்கள் அந்தச் சீசாவை எடுத்துக்கொண்டு எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டரிடம் சென்றோம். எங்களுள் ஒருத்தி தயங்கித் தயங்கி, “சிஸ்டர், முடியைப் பற்றிய சந்தேகம்...” என்றாள். சிஸ்டர் தம் தலையிலிருந்த முக்காட்டைத் தொட்டுக் காட்டி, “இவருக்கு என்ன தெரியப்போகிறது என்றுதானே நினைக்கிறீர்கள்?” என்று சிரித்தார். பிறகு சீசாவின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்ததை எங்களையே படிக்கச் சொன்னார். சைக்ளோபென்டாசிலாக்சேன், டைமெதிக்கோனால், ஃபீனைல் டிரைமெதிக்கோன், வாசனைப் பொருள். அவ்வளவுதான். “இவை யாவும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். குடும்பப் பெயர் சிலிக்கோன். இவர்களைப் பற்றித் தெரிந்துகொண்டு வாருங்கள். பிறகு அந்தச் சீசா செய்ததும் செய்யாததும் உங்களுக்கே விளங்கும்” என்றார்.

மணலின் பேத்தி

சிலிக்கோன் என்பதைப் புரிந்துகொள்ளுமுன் சிலிக்கன் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பெயர்களும் ஒன்றுபோல் ஒலித்தாலும் பொருள்கள் வேறு. சிலிக்கன் ஒரு தனிமம். அதன் அணு எண் 14. பூமியின் மேலோட்டில் ஆக்சிஜனுக்கு அடுத்தபடியாக மிகுந்திருக்கும் தனிமம் இதுவே. எடையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். ஆற்று மணலும், கடற்கரை மணலும், கூழாங்கல்லும் பெரும்பாலும் சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிக்காவே ஆகும். சிலிக்கோன் என்பதோ மனிதன் சோதனைச்சாலையில் ஆக்கிய பொருள்.

இங்கிலாந்து நாட்டில் நாட்டிங்ஹாம் நகரில் பணியாற்றிய ஃபிரடெரிக் ஸ்டான்லி கிப்பிங் என்ற வேதியியல் பேராசிரியர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலிக்கனையும் கரிமப் பொருள்களையும் இணைத்து ஆராய்ந்தார். சிலிக்கோன் என்ற பெயரை வழங்கியவர் அவரே. ஆனால் சோதனைக் குழாயில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்ட பொருளை அவர் பெரிதாக மதிக்கவில்லை. பல ஆண்டுகள் உழைத்த பின்னரும் இத்துறையால் விரைவில் பெரும்பயன் விளையும் என்ற நம்பிக்கை அவருக்கு ஏற்படவில்லை. தாம் நட்ட மரத்தின் கனியைத் தாமே அறியாத தோட்டக்காரர் என்று அவரைச் சொல்லலாம்.

பின்னர் அமெரிக்காவில் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் ஹைடு என்பவர் 1930களில் இப்பொருளைப் பயனுக்குக் கொண்டுவர முயன்றார். 1940ஆம் ஆண்டில் யூஜீன் ராக்கோ என்ற இளம் விஞ்ஞானி, சிலிக்கன் தூளோடு செம்பைச் சேர்த்துச் சூடாக்கி, அதன்மேல் மெதில் குளோரைடு என்ற வாயுவைச் செலுத்தி, சிலிக்கோன் செய்வதற்கான மூலப்பொருளை நேரடியாகப் பெறும் வழியைக் கண்டுபிடித்தார். ஜெர்மனியில் ரிச்சர்ட் முல்லர் என்பவரும் ஏறத்தாழ அதே காலத்தில் தனியே அதே வழியைக் கண்டார். இன்றும் உலகெங்கும் சிலிக்கோன் தொழிலுக்கு அடிப்படை அந்த முறையே.

முதலில் இது கூந்தலுக்கு வரவில்லை, போருக்குத்தான் சென்றது. இரண்டாம் உலகப் போரில் உயரப் பறக்கும் விமானங்களின் எஞ்சினில் ஈரம் புகுந்து மின்பொறி தடைப்படாமல் காக்கும் பசையாகப் பயன்பட்டது. 1969ஆம் ஆண்டு சந்திரனில் கால் வைத்த ஆம்ஸ்டிராங்கின் காலணி அடிப்பாகம் சிலிக்கோன் ரப்பரால் ஆனது. அதே பயணத்தில் 73 நாடுகளின் தலைவர்கள் அனுப்பிய நல்வாழ்த்துச் செய்திகளை நுண்ணெழுத்தில் பொறித்து ஒரு சிறு வட்டத் தகட்டைச் சந்திரனில் வைத்துவிட்டு வந்தார்கள். பாப்பரசர் ஆறாம் சின்னப்பரின் செய்தியும் அதில் உண்டு. அந்தத் தகடு சிலிக்கன்! காலணி சிலிக்கோன், தகடு சிலிக்கன் என்று நினைவில் வைத்துக்கொண்டால் தேர்வில் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டோம்.

கைகோத்து நிற்கும் சங்கிலி

சிலிக்கோனின் மூலக்கூறு எப்படி இருக்கும் என்பதை சிஸ்டர் விளையாட்டுத் திடலில் விளக்கிக் காட்டினார். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி என மாறி மாறிக் கைகோத்து நீண்ட வரிசையாக நிற்கச் செய்தார். உயர்ந்தவள் சிலிக்கன், சிறியவள் ஆக்சிஜன். ஆக்சிஜனுக்கு இரண்டு கைகளே. சிலிக்கனுக்கோ நான்கு கைகள். இரண்டு கைகளால் இருபுறமும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். மீதி இரண்டு கைகளில் மெதில் என்னும் சிறு தொகுதிகளை ஏந்தியிருக்கும். கூடுதல் கைகளுக்கு எங்கே போவது? எங்கள் இடுப்புப் பட்டையில் இருபுறமும் கைக்குட்டைகளைச் செருகிவிட்டு, “இவைதாம் மெதில்” என்றார்.

வரிசை முழுவதும் பாம்புபோல் நெளிந்து ஆடியது. சிலிக்கனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலுள்ள பிணைப்பு உறுதியானது. ஆனால் எளிதில் வளைந்து திரும்பக் கூடியது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மெதில் தொகுதிகளோ தண்ணீரோடு உறவாடாதவை. சிலிக்கோனின் குணங்கள் அனைத்தும் இவ்விரண்டு உண்மைகளிலிருந்தே பிறக்கின்றன. அது வழுக்கும், நீரை ஒதுக்கும், மிக மெல்லியதாகப் பரவும். நீரின் பரப்பு இழுவிசை 72 அலகு என்றால், சிலிக்கோன் எண்ணெயின் பரப்பு இழுவிசை ஏறத்தாழ 20 அலகுதான். ஆகவே ஒரு துளி விட்டாலும் ஒரே இடத்தில் குவிந்து நிற்காமல் படர்ந்துவிடுகிறது.

கூந்தலின் கூரை ஓடுகள்

இனி முடியைப் பார்ப்போம். தலையின் தோலுக்குள் இருக்கும் வேர்ப்பகுதி மட்டுமே உயிருள்ளது. வெளியே வந்துவிட்ட முடி, நகத்தைப் போலவே உயிரற்றது. கெரட்டின் என்னும் புரதத்தாலானது. முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. 60 சென்டிமீட்டர் நீளமுள்ள பின்னலின் நுனிக்கு வயது ஐந்து என்பது கணக்கு. அதாவது, இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் நம் பின்னலின் நுனி, நாம் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது தலையிலிருந்து எட்டிப் பார்த்த முடியாகும்! இத்தனை ஆண்டு வெயிலையும், உப்புத் தண்ணீரையும், சீப்பையும், ரிப்பன் முடிச்சையும் தாங்கிய பிறகு நுனி பிளவுபடுவதில் வியப்பென்ன?

முடியின் மேற்பரப்பில் ஓட்டு வீட்டின் கூரையைப்போல் நுண்ணிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவை வேரிலிருந்து நுனியை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரு முடியை எடுத்து வேரிலிருந்து நுனிக்கு விரலால் உருவிப் பாருங்கள், வழவழப்பாக இருக்கும். நுனியிலிருந்து வேருக்கு உருவினால் சொரசொரக்கும். செதில்களின்மேல் இயற்கையே ஒரு மெல்லிய கொழுப்புப் படலத்தைப் பூசி அனுப்புகிறது. நாளடைவில் அப்படலம் தேய்ந்து போகிறது, செதில்கள் தூக்கிக்கொள்கின்றன, சில உடைகின்றன. ஒரு முடியின் செதில் இன்னொரு முடியின் செதிலில் மாட்டிக்கொள்ளச் சிக்கு விழுகிறது. செதில் கலைந்த பரப்பில் ஒளி ஒழுங்காகப் பிரதிபலிப்பதில்லை. ஆகவே மினுமினுப்பும் மங்குகிறது.

இங்கேதான் சிலிக்கோன் வருகிறது. தூக்கிய செதில்களின்மேல் மெல்லிய படலமாகப் படர்ந்து, அவற்றை அமர்த்தி, வழுவழுப்பாக்குகிறது. சீப்பு தடையின்றி இறங்குகிறது. ஒளி கண்ணாடியில் பட்டதுபோல் திரும்புகிறது. சூட்டுக் கருவிகளால் முடியை நீட்டுவோருக்கு, வெப்பம் சட்டென்று முடியைத் தாக்காமல் ஓரளவு தடுக்கவும் செய்கிறது.

குடும்பத்துப் பிள்ளைகள்

இக்குடும்பத்தில் மூத்தவர் டைமெதிக்கோன். முன்பு சொன்ன நீண்ட சங்கிலி இவரே. டைமெதிக்கோனால் இவருக்கு நெருங்கிய உறவினர்; சங்கிலியின் இரு முனைகளிலும் மட்டும் சிறு மாறுதல்.

அமோடைமெதிக்கோன் என்பவர் கெட்டிக்காரர். இவருடைய சங்கிலியில் நேர்மின் தன்மை பெறக்கூடிய அமினோத் தொகுதிகள் உண்டு. சேதமடைந்த முடியின் பரப்பில் எதிர்மின் தன்மை மிகுதி. எதிரெதிர் மின்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்று நாம் பாடத்தில் படித்ததை இவர் செயலில் காட்டுகிறார். எங்கே காயம் அதிகமோ அங்கே அதிகமாகச் சென்று ஒட்டிக்கொள்கிறார். ஒரு படலம் படிந்த பிறகு அடுத்து வருவதை அதுவே விலக்குவதால், அடுக்கடுக்காக எளிதில் ஏறுவதுமில்லை.

ஃபீனைல் டிரைமெதிக்கோன் மினுமினுப்புக்குப் பெயர் போனவர். சைக்ளோபென்டாசிலாக்சேன் சங்கிலியாக இல்லாமல் வளையமாக இருப்பவர். ஐந்து சிலிக்கன், ஐந்து ஆக்சிஜன் கைகோத்துக் கும்மியடிக்கும் வட்டம் என்று கொள்ளலாம். இவர் தலையில் நிலைத்திருப்பதில்லை. மற்றவர்களைச் சுமந்து வந்து முடியில் பரப்பிவிட்டு, தாம் ஆவியாகிப் பறந்துவிடுவார்.

“அழுக்கைப் போக்கும் ஷாம்புவிலேயே சிலிக்கோனும் இருந்தால் அதையும் கழுவிவிடாதா?” என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி என்று சிஸ்டர் பாராட்டினார். அவ்வகை ஷாம்புவில் சிலிக்கோன், கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக மிதக்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. தலையில் தண்ணீர் ஊற்றி அலசும்போது ஷாம்பு நீர்த்துப்போகிறது. அப்போது துளிகள் பிரிந்து முடியில் படிகின்றன. கழுவுவதும் பூசுவதும் ஒரே சீசாவில் என்ற இந்த முறை 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடைகளில் பரவியது. நம் தமிழ்நாட்டுக்கும் ஷாம்பு வரலாற்றில் ஓர் இடமுண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், சிறு பொட்டலத்தில் ஷாம்புவை அடைத்து விற்ற முன்னோடிகளுள் ஒருவர். பெரிய சீசா வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்கும் ஷாம்பு எட்டியது அவ்வகைப் பொட்டலங்களால்தான்.

நாங்கள் செய்த சோதனை

படித்ததோடு நின்றுவிடாமல் சோதித்துப் பார்க்க விரும்பினோம். நுனி வெட்டியபோது கிடைத்த முடியைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் 100 முடிகள் உள்ள மூன்று கற்றைகள் கட்டினோம். மூன்றையும் ஷாம்பு போட்டு அலசினோம். முதற் கற்றையை அப்படியே விட்டோம். இரண்டாவதற்கு டைமெதிக்கோன் கலந்த கண்டிஷனர் பூசி அலசினோம். மூன்றாவதற்குத் தேங்காயெண்ணெய் தடவினோம். காய்ந்த பிறகு மூன்றையும் ஆய்வுக்கூடத் தாங்கியில் தொங்கவிட்டு, மேலே ஒரு சீப்பைச் செருகி, சீப்பில் ஒரு காகிதக் கோப்பையைக் கட்டி, அதில் ஒரு ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாகப் போட்டோம். எத்தனை நாணயம் சேர்ந்ததும் சீப்பு தானே வழுக்கி இறங்குகிறது என்று பார்ப்பதே சோதனை.

சிலிக்கோன் பூசிய கற்றையில் மிகக் குறைந்த நாணயங்களிலேயே சீப்பு இறங்கிவிட்டது. அடுத்தது எண்ணெய் தடவியது. வெறும் ஷாம்பு போட்ட கற்றையில்தான் கோப்பை கனத்தது. பின்பு சிலிக்கோன் கற்றையை மறுபடி ஷாம்பு போட்டு அலசிச் சோதித்தோம். இம்முறை நாணயங்கள் கூடுதலாகத் தேவைப்பட்டன. முதலில் கண்ட வழுவழுப்பில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது!

“ஒரே ஒரு சோதனையை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்” என்று சிஸ்டர் எச்சரித்தார். ஆயினும் ஓர் உண்மை எங்கள் உள்ளத்தில் பதிந்தது. சிலிக்கோன் தரும் அழகு இரவல் நகை. விழாவுக்கு அணியலாம், திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.

எண்ணெயா, சிலிக்கோனா?

இந்த வினா எழாத வீடு இல்லை. தாய்மார் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்ட, மகள்மார் முகம் சுளிக்க, காலை நேரத்தில் ஒரு சிறு போரே நடக்கிறது. உண்மையில் இரண்டும் செய்யும் வேலை வேறு. தேங்காயெண்ணெயின் மூலக்கூறுகள் சிறியவை. முடியின் உள்ளே புகவல்லவை. கழுவும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதை அது குறைக்கிறது என்று 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதை நடத்தியவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சிலிக்கோனோ உள்ளே புகுவதில்லை. வெளியே நின்று காக்கிறது. எண்ணெய் உண்ணும் சோறு என்றால், சிலிக்கோன் உடுத்தும் சட்டை. சோறு உண்டவளுக்குச் சட்டை வேண்டாமா? சட்டை அணிந்தவளுக்குச் சோறு வேண்டாமா? ஆகவே அம்மாவும் தோற்க வேண்டாம், மகளும் தோற்க வேண்டாம்.

அஞ்ச வேண்டியதும் அஞ்ச வேண்டாததும்

“சிலிக்கோன் முடியை மூச்சுத் திணற வைக்கும்” என்று பலர் சொல்லக் கேட்கிறோம். உயிரற்ற முடி மூச்சு விடுவதே இல்லை; பிறகு திணறுவது எங்ஙனம்? “அது நஞ்சு” என்பாரும் உண்டு. வயிற்றில் வாயு சேர்ந்தால் மருத்துவர் கொடுக்கும் சிமெதிக்கோன் என்ற மருந்து, டைமெதிக்கோனோடு சிறிது சிலிக்கா சேர்ந்ததே. பச்சிளங்குழந்தைகளுக்கும் அது சொட்டு மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. டைமெதிக்கோனின் நீண்ட மூலக்கூறு தோலின் வழியே உடலுக்குள் புகுவதில்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே நற்சான்று வழங்கிவிட முடியாது. வளைய வடிவச் சிலிக்கோன்கள் சில, ஆற்று நீரிலும் அடியிலுள்ள சேற்றிலும் சேர்ந்தால் நெடுங்காலம் சிதையாமல் தங்குகின்றன. ஆகவே ஐரோப்பிய ஒன்றியம், கழுவி விடும் அழகுப் பொருள்களில் நான்கு சிலிக்கன் வளையமும் ஐந்து சிலிக்கன் வளையமும் எடையில் 0.1 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருக்கக்கூடாது என 2018இல் விதி செய்து, 2020 ஜனவரி முடிவிலிருந்து நடைமுறைப்படுத்தியது. 2024இல் அவ்விதியை விரிவாக்கி, ஆறு சிலிக்கன் வளையத்தையும், கழுவாமல் விட்டுவிடும் பொருள்களையும் அதன்கீழ் கொண்டுவந்தது. பின்னவற்றுக்கு 2027 ஜூன் வரை தவணை உண்டு. நீண்ட சங்கிலியான டைமெதிக்கோனோ, காய்ந்த மண்ணில் கிடக்கும்போது களிமண்ணின் உதவியால் மெல்ல மெல்லச் சிதைந்து, கடைசியில் சிலிக்காவாகவும் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறிவிடுகிறது. மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே திரும்புகிறது. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசும்போது நாம் நினைப்பதை இந்தச் சிறு துளியும் நினைவூட்டுகிறது அன்றோ?

வீட்டில் கைக்கொள்ள வேண்டியவை

1. சீசாவின் முன்புறப் படத்தைப் பார்க்குமுன் பின்புறப் பட்டியலைப் படிக்க வேண்டும். பொதுவாக அளவில் மிகுந்த பொருள் முதலில் எழுதப்பட்டிருக்கும். ‘மெதிக்கோன்’, ‘கோனால்’, ‘சிலாக்சேன்’ என்று முடியும் பெயர்கள் சிலிக்கோன் குடும்பத்தவை.

2. சிலிக்கோன் பூச்சைத் தலையின் தோலில் தேய்க்கக் கூடாது. முடியின் நடுவிலிருந்து நுனி வரை தடவினால் போதும். நீண்ட கூந்தலுக்கும் இரண்டு மூன்று துளிகளே மிகுதி.

3. முடி கனத்து, எண்ணெய்ப் பசைபோல் ஒட்டினால், நுரை நன்றாக வரும் சாதாரண ஷாம்பு போட்டு ஒருமுறை நன்கு அலச வேண்டும். படலம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

4. குளியலறைத் தரையில் சிந்திவிட்டால் உடனே சோப்பு நீர் விட்டுத் துடைக்க வேண்டும். முடிக்கு வழுவழுப்பைத் தருவது தரைக்கும் தரும். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

5. பிளவுபட்ட நுனியை எந்தச் சிலிக்கோனும் நிலையாக ஒட்டவைக்காது. அதற்குக் கத்திரிக்கோல்தான் மருந்து.

6. முடி அளவுக்கு மீறி உதிர்ந்தால் கடைக்காரரைக் கேட்காமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

தோழிக்கு என்ன ஆயிற்று?

ஆறாவது அறிவுரையை நாங்கள் முதலில் செயற்படுத்தினோம். சிஸ்டரே எங்கள் தோழியின் அம்மாவை அழைத்து, அரசு மருத்துவமனைக்குப் போய் வரும்படி சொன்னார். அங்கிருந்த டாக்டரம்மா, கடுங்காய்ச்சலுக்குப் பின் இரண்டு மூன்று மாதங்களில் முடி உதிர்வது பலருக்கும் நேர்வதே என்றும், வேர் சாகவில்லை, முடி திரும்ப வளரும் என்றும் ஆறுதல் கூறினார். இரத்தத்தைச் சோதித்தபோது இரத்தச்சோகை இருப்பதும் தெரிந்தது. இரும்புச்சத்து மாத்திரையும், முருங்கைக் கீரையும் முட்டையும் பயறும் சேர்த்த சாப்பாடும் சொல்லி அனுப்பினார்.

இதைக் கேட்டபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பள்ளியில் வாரம் ஒருமுறை நமக்கெல்லாம் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள் அல்லவா? அதை வாயில் போட்டுக்கொள்வதுபோல் பாசாங்கு செய்து, குழாயடிச் செடிக்குப் போட்டவர்கள் எங்களில் எத்தனை பேர்! இலவசமாக வந்த மாத்திரையைச் செடிக்கு ஊட்டிவிட்டு, கூலிப் பணத்தில் வந்த சீசாவைத் தலைக்கு ஊட்டினோம். சிஸ்டர் எங்களைக் கண்டிக்கவில்லை. “அந்தச் செடி நன்றாக வளர்ந்திருக்கிறதா?” என்று மட்டும் கேட்டார். அதைவிடப் பிரம்படி தேவலை என்று தோன்றியது.

ஆறு மாதங்கள் சென்றன. இன்று எங்கள் தோழியின் நெற்றியோரத்தில் குட்டை குட்டையாகப் புதுமுடி நிமிர்ந்து நிற்கிறது. எவ்வளவு தண்ணீர் தொட்டுப் படியவைத்தாலும் படிவதில்லை. அதைக் கண்டு அவளுடைய அம்மா மகிழ்கிறார். காலை வழிபாட்டில் அவள் மறுபடி முன்வரிசைக்கு வந்துவிட்டாள். மிச்சமிருந்த சீசாவை அவள் வீசி எறியவில்லை. திருநாளன்று நுனிமுடியில் மட்டும் இரண்டு துளி தடவிக்கொள்கிறாள். இக்கட்டுரையில் தன் கதையை எழுதலாம், பெயர் மட்டும் வேண்டாம் என்று அனுமதி தந்தவளும் அவளே.

முடிவுரை

சிலிக்கோன் தன் வேலையைச் செவ்வனே செய்கிறது. சிக்கை நீக்குகிறது, மினுமினுப்பைத் தருகிறது. முடியை வளர்ப்பதாக அது ஒருபோதும் சொன்னதில்லை, சொன்னவர்கள் மனிதர்களே. ஆகவே குறை மணலின்மேல் இல்லை, பொய்யின்மேல்தான் இருக்கிறது. ஒப்பனையை ஒப்பனை என்றும் மருந்தை மருந்து என்றும் பிரித்தறியும் அறிவே கல்வியின் பயன். பொடி எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு மகள் வீட்டிலிருந்தால், ஓர் அம்மாவின் மூன்று நாள் கூலி வீட்டிலேயே தங்கும்.

அன்புத் தோழியரே! அடுத்த முறை உங்கள் அம்மா கடைக்குப் போகும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். சீசாவைத் திருப்பிப் படித்துக் காட்டுங்கள். வருகிற வாரம் மாத்திரை கொடுக்கும்போது விழுங்கியும் விடுங்கள். குழாயடிச் செடிக்குத் தண்ணீர் மட்டும் போதும்.